யாழ்ப்பாணத்து முதற்பதிப்புகள்

அமெரிக்க நாட்டு நூற்சேகரிப்பாளர் தம் நாட்டு நாவல்களின் முதற்பதிப்புகளைத் தேடிப் பெறுவதிற் காட்டும் ஆர்வம் உலகறிந்தது. நதானியல் ஹோதோண் எழுதிய ‘ஸ்காலெற் லெற்றர்’ 1850ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரில் முதன்முறை அச்சேறியபோது 2,500 பிரதிகளே வெளிவந்தன. அடுத்த ஆண்டில் வந்த ஹேர்மன் மெல்விலின் ‘மொபி டிக்’ ஏறத்தாழ 3,000 பிரதிகள் அச்சிடப்பட்டும் விலைபோகாது தேங்கிக் கிடந்தது. 1853ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க்கிலிருந்த ஹார்ப்பர் பதிப்பகத்தாரின் பண்டகசாலை தீக்கிரையானபோது எஞ்சிய பிரதிகளிற் பெரும்பாலன எரிந்து சாம்பராயின. இன்று அந்நாவலின் முதற்பதிப்புக்கு வழங்கும் பெருவிலைக்கு அத்தீயும் ஒரு காரணம். செல்வர்தம் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்கிவிடுவார் நம்மிடையே பலர். அவர் கூற்றில் உண்மை ஒருபாதி உண்டு. மற்றப் பாதியையும் நோக்குதல் வேண்டும்.

‘மொபி டிக்’ நியூயோர்க்கில் வெளிவருவதற்குச் சிறிது முன்னர், 1851 ஒற்றோபரில், ‘திமிங்கிலம்’ என்னும் பொருள்படும் பெயருடன் இலண்டனில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அப்பதிப்பிற் கதையின் இறுதியுரை விடுபட்டுப்போயிற்று. கப்பலிற் சென்றோர் யாவரும் மாண்டனரெனின் கதையைச் சொல்பவன் உயிர்தப்பியது எங்ஙனம் என்று இலண்டன் விமரிசகர் சிலர் ஏளனஞ் செய்தனர். அவர்கள் கையிலிருந்த பிரதியைப் பாராது அவர்களின் கண்டனத்தை மட்டும் படிப்பவர் அவர்களை அறிவிலிகளென முடிவுகட்டுவர். எந்தப் பதிப்பை யார் படித்தார் என்பது தெரிந்தாலன்றி இலக்கிய வரலாற்றில் நீதி வழங்குதல் இயலாது. முதற்பதிப்பின் பெறுமதி அதன் விலையிலன்று, இத்தகைய சான்றுரைக்கும் ஆற்றலிலேயே தங்கியுள்ளது.

ஹோதோணும் மெல்விலும் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர்தம் நாட்டவர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மானிப்பாயில் அச்சுக்கூடமொன்றை நடத்திக்கொண்டிருந்தனர். பொஸ்ரனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கத்தின் பொருளால் நடந்த அவ்வச்சுக்கூடம் தமிழுக்கு அளித்த முதற்பதிப்புகள் பல. நாவலுக்கு நேர்ந்த கதியினும் இவற்றுக்கு நேர்ந்த கதி இரங்கத்தக்கது. நாவலைத் தேடுதற்கு அந்நாட்டிற் செல்வரும் நூலகங்களும் ஏலக்கடைகளும் இருந்தன. மானிப்பாய் நூல்களைத் தேடுதற்கு ஓரிரு பண்டிதர்களும் சில பாதிரிமாரும் மட்டுமே இருந்தனர்.

அமெரிக்க மிஷனரிமார் இலங்கைக்கு வந்து சேர்ந்தது 1816ஆம் ஆண்டில். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்தம் முதல் நிலையங்களாயின. 1820இல் ஜேம்ஸ் கரெற் என்னும் அச்சாளர் அச்சுப்பொறியுடன் அனுப்பப்பட்டார். அமெரிக்கர் தொகை பெருகுவதை விரும்பாத ஆங்கில ஆட்சியாளர் அவரைத் தங்கவிடாது வெளியேற்றவே, பொறி இங்கு நிற்க அச்சாளர் பம்பாய்க்குச் சென்றார். சிலகாலம் நல்லூரில் சேர்ச் மிஷனைச் சேர்ந்த யோசேப்பு நைற் பாதிரியாரின் மேற்பார்வையில் அச்சுவேலை நடந்தது. தடை நீங்கிய 1833இல் ஈஸ்ற்மன் மைனர் என்னும் அச்சாளர் வந்தார். மறுவாண்டு தொடக்கம் மானிப்பாயில் அச்சுக்கூடம் முறையாக இயங்கலாயிற்று.

அங்கு அச்சானவற்றுள் தலையாயது 1842இல் வெளிவந்த அகராதி. யாழ்ப்பாண அகராதியென்றும் மானிப்பாய் அகராதியென்றும் வழங்கும் இந்நூல் 58,500 சொற்களை அகரவரிசையிற் கொண்டது. சந்திரசேகர பண்டிதர் முதலான உள்ளூர்ப் புலமையாளரின் உழைப்பு இதன் முதுகெலும்பாகும். நைற் பாதிரியார் தொடங்கிவைத்த சொற்றிரட்டு முயற்சியின் மற்றொரு கிளையே மிரன் வின்சிலோவின் தமிழ்-ஆங்கிலப் பேரகராதியாக 1862இற் சென்னையில் வெளிவந்தது. 67,000க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட அப்பெருநூலை அச்சிட்டவர் அங்கிருந்த அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தின் பி. ஆர். ஹண்ட். வின்சிலோவின் அகராதி எங்கும் போற்றப்பட, மானிப்பாய் அகராதி மறக்கப்பட்டது. 1979இல் புதுதில்லிப் பதிப்பகமொன்று வின்சிலோவை ஒளிப்பட முறையில் மறுபதிப்புச் செய்தமையால் அதன் முதற்பதிப்புப் பக்கம் எவ்வாறு இருந்தது என்பதை மாணவர் எவரும் அறியலாம். 1842ஆம் ஆண்டு அகராதிக்கு அந்த நல்லூழ் எளிதில் வாய்க்கவில்லை.

1841ஆம் ஆண்டு சனவரி 7ஆந் திகதி வெளிவரத் தொடங்கிய ‘உதயதாரகை’யும் இவ்வச்சுக்கூடத்தின் பயனே. அதன் முதலாசிரியர்கள் ஹென்றி மாட்டின், சேத் பேசன் ஆகிய இருவர். பெயரை நோக்கி இவர்களை அமெரிக்கரென்று கருதுதல் பிழை. இருவரும் வட்டுக்கோட்டைச் செமினறியிற் பயின்ற தமிழர். மிஷன் பாடசாலைகளிற் சேர்ந்த பிள்ளைகளுக்கு, அவர்தம் கல்விச் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயரை இடும் வழக்கம் இருந்தது. பழைய நூல்களை நோக்குவோரைத் தடுமாறச் செய்யும் செய்தி இது. 1855ஆம் ஆண்டில் பொஸ்ரனிலிருந்து வந்த தூதுக்குழுவின் முடிவால் செமினறி மூடப்பட்டது. அச்சுக்கூடமும் மிஷன் கையினின்றும் நீங்கியது. அதனை ஏற்று நடத்தியோர் ‘றிப்ளி அன்ட் ஸ்ரோங்’ என்னும் பெயரினர். முகப்புப் பக்கத்தின் அடியில் அப்பெயரைக் காணும் அயல்நாட்டு நூலகர் அவர்களையும் அமெரிக்க வணிகரென எண்ணுதல் இயல்பு. அவர்களோ யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர். தமிழர் தம் பொருளில் தம் மண்ணில் நடத்திய அச்சுத்தொழிலின் தொடக்க வரலாற்றில் ஒரு பகுதி இவ்வாறு வேற்றுப் பெயருள் மறைந்து கிடக்கிறது.

றிப்ளி அன்ட் ஸ்ரோங் அச்சிட்ட நூல்களுள் 1859இல் வந்த சைமன் காசிச்செட்டியின் ‘தமிழ் புளூராக்’ தனியிடம் பெறுவது. தமிழ்ப் புலவர் வரலாறுகளை ஆங்கிலத்தில் தொகுத்த அந்நூல் ஆசிரியர் இறப்பதற்கு ஓராண்டுக்கு முன்னரே வெளிவந்தது. பின்னர் தமிழ் இலக்கிய வரலாறு எழுதப்புகுந்தோர் பலரும் நேராகவோ மறைவாகவோ இதற்குக் கடன்பட்டவர். ஆயினும் இதன் இரண்டாம் பதிப்பு கொழும்பில் வந்தது 1946இலேயே. இடைப்பட்ட எண்பத்தேழு ஆண்டுகளில் மேற்கோள் காட்டியோருள் எத்தனை பேர் மூலநூலைத் தம் கையிற் கொண்டிருந்தனர் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியமைக்கு முதற்பதிப்புகளின் அருமை ஒரு காரணம். சோம்பல் மற்றொரு காரணம். அதே துறையில் ஆணல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் தமிழில் வெளியிட்ட ‘பாவலர் சரித்திர தீபக’மோ நல்ல கைகளிற் சேர்ந்தது. 1970களிற் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தார் பொ. பூலோகசிங்கத்தைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட புதுப்பதிப்பு, முதற்பதிப்பின் கூற்றுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து குறிப்பெழுதியது. பழைய நூலொன்றை மறுபதிப்புச் செய்வோருக்கு அஃது இன்றும் முன்மாதிரி.

மானிப்பாயின் மற்றொரு செல்வம் மருத்துவ நூல்கள். 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தவர். தம் மாணவரின் துணையுடன் அவர் பெயர்த்தும் திருத்தியும் வெளியிட்ட நூல்களுள் 1867இன் ‘இரணவைத்தியம்’, 1872இன் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இன் ‘கெமிஸ்தம்’ என்பன குறிப்பிடத்தக்கன. கட்டர், வெல்ஸ் முதலிய அமெரிக்கர் எழுதிய பாடநூல்களும் கிறே, துறுயிற் முதலிய ஆங்கிலேயர் எழுதியனவும் இவ்வரிசையில் தமிழுருப் பெற்றன. சில யாழ்ப்பாணத்திலும் சில நாகர்கோவிலிலும் அச்சாயின. 1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். 1884இல் அவர் மறைந்தார். தமிழ் வழி மருத்துவக் கல்வியும் ஆங்கிலத்துக்கு இடங்கொடுத்து ஒழிந்தது. எனவே இந்நூல்களுட் பெரும்பாலனவற்றுக்கு மறுபதிப்பு வேண்டப்படவில்லை. இவற்றுக்கு முதற்பதிப்பே பெரும்பாலும் இறுதிப்பதிப்பு. கலைச்சொல்லாக்கம் பற்றி இக்காலத்தில் எழுதுவோர் கிறீனைப் பாராட்டுவதோடு அமைகின்றனர். அவர் ஆண்ட சொற்களை நூலிலிருந்து எடுத்து ஆராய்ந்தோர் மிகச் சிலர். நூல் கிடைத்தாலன்றோ ஆராய்வது!

இதேபோல ஒரே பதிப்போடு ஒதுங்கிய மற்றொரு நூலும் உண்டு. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு செய்த வேதாகம மொழிபெயர்ப்பு 1850இற் சென்னையில் அச்சாயிற்று. அதற்கு வழங்கிய ஆங்கிலப் பெயரே அது சோதனைப் பதிப்பென்பதை உணர்த்தியது. திருச்சபைகள் அதனைப் பரவலாக ஏற்கவில்லை. நாவலரின் உரைநடை உருவான வகையை அறிய விழைவோர்க்கு அதனினும் சிறந்த ஆவணம் இல்லை. கிறிஸ்தவர் தள்ளியதாலும் சைவர் தீண்டாததாலும் அது இருசாராருடைய நூலடுக்குகளிலும் இடம்பெறாது போயிற்று.

நாவலர் 1849இற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தமையும், வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை நிறுவியமையும் பலரும் அறிந்தவை. மிஷனரிமார் கையாண்ட கருவியை அவருக்கெதிராகவே திருப்பிய செயல் அது. 1852இன் ‘பெரியபுராண வசனம்’, 1854இன் ‘சைவதூஷண பரிகாரம்’, 1861இன் திருக்குறட் பரிமேலழகருரை எனத் தொடர்ந்த அவர் பதிப்புகள் பிழையின்மைக்குப் பெயர்பெற்றவை. இவற்றுட் பெருநூல்கள் பேணப்பட்டன. பேணப்படாதவை சிறுநூல்களே. 1850களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட பாலபாடங்களின் முதற்பதிப்பு அவருடைய பெரும் உரைப்பதிப்புகளினும் அரிது. பிள்ளைகள் கையில் தேய்ந்து கிழிந்து ஒழிவதே பாடநூலின் விதி. அமெரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. ‘நியூ இங்கிலன்ட் பிரைமர்’ என்னும் அரிச்சுவடி பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அச்சானதாயினும் இன்று எஞ்சியுள்ள பிரதிகளுள் மிகப் பழையது 1727ஆம் ஆண்டினது. மிகுதியாக அச்சிடப்பட்டதே மிக அரிதாகும் இவ்விந்தையைச் சேகரிப்பாளர் நன்கறிவர். இலக்கிய வரலாற்றாசிரியர் மறந்துவிடுவர்.

சி. வை. தாமோதரம்பிள்ளையை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. சிறுப்பிட்டியிற் பிறந்து வட்டுக்கோட்டைச் செமினறியிற் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகிய அவர், 1881இல் வீரசோழியத்தையும் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஒன்றுமட்டும் சொல்லுதல் தகும். அவருடைய முதற்பதிப்புகளில் நூலுக்கு முன் நிற்கும் பதிப்புரைகள் ஏடுகள் எங்கெங்கிருந்து வந்தன, எந்நிலையிலிருந்தன, எவரெவர் உதவினர், எவரெவர் இகழ்ந்தனர் என்பவற்றையெல்லாம் கூறுவன. பின்வந்த மலிவுப் பதிப்புகள் பல அவ்வுரைகளை நீக்கிவிட்டன. மூலமும் உரையும் இருந்தாற் போதாதோ என்பது அவர்தம் எண்ணம். சாற்றுகவி, பிழைதிருத்தம், பொருளுதவியோர் பட்டியல், அச்சுக்கூடத்தின் பெயர் என்பன யாவும் அவ்வாறே கழிக்கப்பட்டன. நூலின் உடலை வைத்துக்கொண்டு அதன் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தைக் கிழித்தெறிந்தமைக்கு இஃது ஒப்பாகும்.

பழைய தமிழ் நூலின் காலத்தைத் துணிதலும் எளிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முகப்புப் பக்கங்கள் பலவற்றில் அறுபதாண்டு வட்டத்து ஆண்டுப் பெயர் காணப்படும். கிறிஸ்தவ ஆண்டு சிலவற்றில் உடனிருக்கும், சிலவற்றில் இராது. நாவலரின் திருக்குறட் பதிப்புக்குரிய துன்மதியாண்டு 1861 ஏப்பிரலில் தொடங்கியது. ஆனால் 1921உம் துன்மதியே. முகப்பிதழ் கிழிந்து பெயர்மட்டும் எஞ்சிய பிரதியொன்றைப் பார்ப்பவர் தாளையும் எழுத்துருவையும் அச்சுக்கூடத்தின் பெயரையும் கொண்டே முடிவுசெய்தல் வேண்டும். முதற்பதிப்பு என்னும் சொல்லை அக்காலத்தார் பெரும்பாலும் நூலிற் பொறிப்பதில்லை. இரண்டாம் பதிப்பு வந்த பின்னரே முதலாவது முதலாவதாகிறது.

நாவலின் வரலாற்றிலும் இத்தகைய சிக்கல்கள் உள. வேதநாயகம்பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1876இல் வெளிவந்ததென எழுதுவோர் இன்றும் உளர்; முதற்பதிப்பு அச்சான ஆண்டு 1879. ஈழத்தைப் பொறுத்தவரை 1885இல் கொழும்பில் வந்த சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திர’மும், 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’யும், 1895இல் சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் வெளியிட்ட ‘மோகனாங்கி’யும் முதல் வரிசையின. இவற்றுக்கும் முன்னர் 1856இல் யாழ்ப்பாணத்தில் ‘காவலப்பன் கதை’ என்றொரு நூல் வந்ததென ஆய்வாளர் குறிப்பிடுவர். ஹன்னா மோர் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் நீதிக்கதையொன்றின் தழுவல் அது. தமிழின் முதல் நாவல் யாழ்ப்பாணத்தது என்று பெருமை பேசுதற்கு இதனைச் சிலர் கருவியாக்குவர். சிறு நீதிக்கதையொன்றின் மொழிபெயர்ப்பை நாவலென்பது பொருந்தாது. நூலைக் கையிலெடுத்துப் பக்கங்களை எண்ணிப் பார்த்தோர் அவ்வாறு வாதிடார். நூலின் பெயரை மட்டும் அறிந்தோரே உரத்துப் பேசுவர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமோதரம்பிள்ளையின் உடன்பிறந்தவராகிய சி. வை. சின்னப்பபிள்ளை 1905இல் ‘வீரசிங்கன் கதை’யை எழுதினார். 1914இல் மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதயம்’ என்னும் நாவலை வெளியிட்டார். யாழ்ப்பாணத்துக் குடும்ப வாழ்வை, அதிலும் பெண்ணின் துயரத்தை, உள்ளிருந்து நோக்கிய முதன்முயற்சிகளுள் இது வைத்தெண்ணத்தக்கது. ஈழத்து நாவல் பற்றி 1960களிலும் 1970களிலும் சில்லையூர் செல்வராசனும் நா. சுப்பிரமணியமும் ஆராயப் புகுந்தபோது இந்நூல்கள் கடையிற் கிடைப்பவையாக இருக்கவில்லை. வீடுவீடாகச் சென்று தேடுதலே ஆய்வின் முதற்படியாயிற்று. ஆய்வாளனே சேகரிப்பாளனாகவும் ஆகவேண்டிய இந்நிலை ஈழத்துத் தமிழாராய்ச்சியின் தனியியல்பு.

அவ்வாறாயின் நூல்கள் எங்கிருந்தன? பாதிரிமார் இல்லங்களிலும், உடுவில், வட்டுக்கோட்டை, மானிப்பாய்ப் பகுதிகளின் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களின் பெட்டகங்களிலும், சைவப் பண்டிதர்தம் வீட்டு அடுக்குகளிலும், செமினறியின் வழித்தோன்றலாகிய யாழ்ப்பாணக் கல்லூரியின் நூலகத்திலும் இருந்தன. கறையானும் இராமபாணப் பூச்சியும் மழைக்காலத்து ஈரமும் அவற்றைக் கவனித்துக்கொண்டன. கற்றவர் இறந்தபின் அவர் மக்கள் கொழும்புக்கோ மலாயாவுக்கோ உத்தியோகத்துக்குச் சென்றிருப்பர். பெட்டகம் திறக்கப்படாதே கிடக்கும். இந்நிலையில் அவற்றைப் பொதுவிடத்துக்குக் கொடுத்துவிடுதலே அறிவுடைமை என்று பலர் கருதினர். அவ்வெண்ணம் நியாயமானதே. அதுவே பின்னர் பேரிழப்புக்கும் வழியாயிற்று.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1933இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய சிறு வாசிகசாலையிலிருந்து வளர்ந்தது. அருட்டந்தை லோங் அடிகள் முதலானோரின் உழைப்பால், சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மனின் வரைபடப்படி, நூலகவியலறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையுடன் எழுந்த அதன் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. ஆனந்த குமாரசுவாமியின் பெயரிலான தொகுதியும், மங்களநாயகத்தின் கணவர் ஐசாக் தம்பையாவின் தொகுதியும் போன்ற தனியார் சேகரிப்புகள் பல அங்கு ஒன்றுசேர்ந்தன. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கி யூன் முதலாந் திகதி வரை அது எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. சீருடை அணிந்த காவற்படையினரும் அவர்களுடன் கொழும்பிலிருந்து வந்தோருமே அதனை எரித்தனரென்பது பின்னர் மறைக்கவியலாத செய்தியாயிற்று. சம்பத்திரிசியார் கல்லூரியின் மாடியிலிருந்து அத்தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சியால் உயிர்நீத்தாரென்பர். அந்த ஆண்டும் துன்மதியே.

எரிந்தவற்றுள் முதற்பதிப்புகள் எவை, எத்தனை என்பதற்கு இனி முழுமையான விடை இல்லை. நூலடுக்குகளோடு பட்டியல்களும் எரிந்தன. ஹார்ப்பர் பண்டகசாலையின் தீயிற் போனவை விலைபோகாத பிரதிகள். ஏனையவை முன்னரே பலர் கையிற் பரவியிருந்தமையால் ‘மொபி டிக்’ பிழைத்தது. யாழ்ப்பாணத்திலோ பரவியிருந்தவற்றைத் திரட்டி ஒரே கூரையின்கீழ் வைத்த பின்னர் தீ வந்தது. எஞ்சிய வீட்டுச் சேகரிப்புகளை அடுத்து வந்த போர்க்காலம் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க மிஷனின் முதல் நிலையமாகிய தெல்லிப்பழை உட்பட வலிகாமம் வடக்கின் ஊர்கள் பல 1990 முதல் மக்களின்றிக் கிடந்தன. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, கைக்குழந்தையையும் அரிசிப்பொட்டலத்தையும் சுமந்தவர் 1842ஆம் ஆண்டு அகராதியையும் சுமந்திருத்தல் வேண்டுமென எவரும் எதிர்பார்க்கமுடியாது.

ஆயின் இந்நூல்கள் இன்று எங்கே காணத்தக்கன? பெரும்பாலும் கடல்கடந்த நாடுகளில். சோன் மேர்டொக் 1865இற் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சுநூற் பட்டியலிலும், பாணெற்றும் போப்பையரும் 1909இல் தொகுத்த பிரித்தானிய அரும்பொருட்சாலைத் தமிழ்நூற் பட்டியலிலும் யாழ்ப்பாண அச்சுக்கள் இடம்பெற்றுள்ளன. இலங்கையில் 1885இன் அச்சாளர் வெளியீட்டாளர் சட்டம் நூல்களைப் பதிவுசெய்ய வேண்டுமென விதித்தது. குடியேற்ற ஆட்சி அச்சகங்களைக் கண்காணிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தமிழ்மேற் கொண்ட அன்பாலன்று. கண்காணித்தவனின் கோப்பு காவலாகவும் பயன்பட்டமை வரலாற்றின் முரண். அமெரிக்க மிஷனரிமாரின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் ஹோற்றன் நூலகத்தில் உள்ளன. 1578இற் கொல்லத்தில் அச்சாகிய ‘தம்பிரான் வணக்க’த்தின் பிரதியும் அப்பல்கலைக்கழகத்திலேயே உள்ளது. அச்சேறிய பழந்தமிழ் நூல்கள் பற்றி உலகறியச் செய்தவர்களுள் முதல்வர், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகள். லிஸ்பனிலும் உரோமையிலும் நூலகம் நூலகமாகத் தேடிய அவர் ஒரு பிரதியைத்தானும் தமக்கென வாங்கிவைக்கவில்லை. இருக்குமிடத்தைக் கூறியதே அவர் செய்த சேகரிப்பு.

தமிழகத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்தவை 1992இல் அவர் மறைந்தபின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் முயற்சியாற் காக்கப்பட்டு, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. நூல்களை நாடு கடத்தாது படியெடுத்துக்கொண்டமை அப்பல்கலைக்கழகத்தின் பெருந்தன்மை. யாழ்ப்பாணத்தில் ஜேம்ஸ் தே. இரத்தினம் தம் அரிய நூல்களையும் ஆவணங்களையும், மனைவி எவலினின் பெயரால் 1980களின் தொடக்கத்தில் அமைந்த ஆய்வு நிறுவனத்துக்கு அளித்தார். குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் பத்திரிகை நறுக்குகளையும் சிறு வெளியீடுகளையும் திரட்டி நுண்படச் சுருள்களிற் பதிவுசெய்தார். பெரிய நிறுவனங்கள் செய்யவேண்டியதைத் தனியொருவராய்ச் செய்தவர் அவர். 2016இல் அவர் மறையும்வரை அதற்குரிய ஆதரவு போதிய அளவு கிடைத்ததெனல் இயலாது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிமத் திட்டம் ஈழத்து நூல்களைப் பக்கம்பக்கமாகப் படமெடுத்து எவரும் காண வைத்துள்ளது.

படம் நூலாகுமா என்று வினவுவார் உளர். தாளின் தன்மையும் கட்டட முறையும் படத்திற் புலப்படா. சேகரிப்பாளர் விரும்பும் பொருளின்பமும் அதில் இல்லை. ஆனால் 1981ஐக் கண்ட ஊருக்கு ஒரே பிரதியை ஒரே பேழையிற் பூட்டிவைத்தல் பொருந்தாது. அருமை மிகுந்தால் விலை மிகும் என்பது ஏலக்கடையின் கணக்கு. நாவலரும் றிப்ளியும் ஸ்ரோங்கும் அச்சுப்பொறியை இயக்கியது அருமையை ஒழிப்பதற்கே. எனவே பல பிரதிகளாகப் பல இடங்களில் இருத்தலே இந்நூல்களின் முதல் நோக்கத்துக்கும் இசைந்தது.

படமெடுப்போர் ஒன்றை மட்டும் கருத்திற்கொள்ளுதல் நன்று. நூலின் மூலத்தை மட்டும் எடுத்து அட்டையையும் விளம்பரப் பக்கத்தையும் விட்டுவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. பழைய யாழ்ப்பாண நூல்களின் பின்னட்டையில், அதே அச்சுக்கூடத்தில் விலைக்குக் கிடைக்கும் பிற நூல்களின் பெயரும் விலையும் சிறிய எழுத்தில் நிரையாக அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுட் சிலவற்றுக்கு இலண்டனிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் பிரதி காணப்படவில்லை. அந்நூல்கள் அச்சானமைக்கு அந்தப் பின்னட்டையே இப்போதுள்ள சான்று.